சென்டர் பேக்கா, லெஃப்ட் பேக்கா? யோஷ்கோ க்வார்டியோலின் இடம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

2023 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி ஜெர்மனியின் லைப்சிக் அணியிடமிருந்து யோஷ்கோ க்வார்டியோல் என்ற குரோஷிய டிஃபென்டரை, அதாவது தடுப்பாட்டக்காரரை, வாங்கியது. கொடுத்த விலை ஏறத்தாழ 9 கோடி யூரோ. வாங்கும்போது எல்லோரும் அவரை சென்டர் பேக் (தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்) என்றார்கள். சீசன் தொடங்கிப் பார்த்தால் பெரும்பாலான ஆட்டங்களில் லெஃப்ட் பேக் இடத்தில், அதாவது இடது ஓரத்தில், நின்றார். 2024 ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து வாரத்துக்குள் ஐந்து கோல் அடித்தார், அதில் முதல் கோல் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில். 2025 இலையுதிர் காலத்தில் மறுபடியும் நடுவில் வந்து நின்றார்.

இதனால்தான் ஆட்டம் பார்க்க உட்காரும் பலருக்கும் ஒரே கேள்வி. இவர் உண்மையில் எந்த இடத்து ஆட்டக்காரர்? சென்டர் பேக் என்று இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய ஆளை ஏன் ஓரத்தில் நிறுத்தினார்கள்? ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் எப்படி எதிரணி பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதி) போய் கோல் அடிக்கிறார்?

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆட்டக்காரர் பெயர் க்வார்டியோல், அவரை வாங்கியபோது சிட்டியின் பயிற்சியாளராக இருந்தவர் பெயர் பெப் குவார்டியோலா. படிக்கும்போது குழம்பாமல் இருக்க பயிற்சியாளரை இந்தக் கட்டுரையில் பெப் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார்

யோஷ்கோ க்வார்டியோல் 2002 ஜனவரி 23-ஆம் தேதி ஜாக்ரெபில் பிறந்தவர். அப்பா மீன் வியாபாரி. ஜாக்ரெபின் ட்ரெஷ்னியேவ்கா என்ற உள்ளூர் கிளப்பில் பந்து உதைக்கத் தொடங்கி, சின்ன வயதிலேயே டினாமோ ஜாக்ரெப் அகாடமிக்குப் போய்விட்டார். பதின்பருவத்தில் ஒரு கட்டத்தில் ஆட வாய்ப்பு சரியாகக் கிடைக்காமல் வெறுத்துப்போய், கால்பந்தை விட்டுவிட்டு கூடைப்பந்துக்குப் போய்விடலாமா என்று யோசித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2019 அக்டோபரில், 17 வயதில், டினாமோவின் முதல் அணியில் ஆடினார். ஒரே வருடத்தில், 2020 செப்டம்பரில், லைப்சிக் அவரை வாங்கிவிட்டது. ஆனால் உடனே அழைத்துக்கொண்டு போகவில்லை. அந்த சீசன் முழுக்க டினாமோவிலேயே கடனில் ஆடட்டும் என்று விட்டுவைத்தது. இது இப்போது வழக்கமான ஏற்பாடுதான். வாங்கிய அணிக்கு ஆள் கைவசம், விற்ற அணிக்குப் பணமும் கிடைத்தது, இன்னொரு வருடம் ஆளும் கிடைத்தார், பையனுக்கோ பெஞ்சில் உட்காராமல் ஆடும் வாய்ப்பு. மூவருக்கும் லாபம் என்று சொல்லக்கூடிய ஒப்பந்தங்கள் கால்பந்தில் அதிகமில்லை, இது அதில் ஒன்று.

அந்த வருடம் வீணாகவில்லை. 2021 மார்ச்சில் யூரோப்பா லீக்கில் டாட்டன்ஹாம் அணியிடம் முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்ற டினாமோ, இரண்டாம் ஆட்டத்தில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தது. மூன்று கோலும் மிஸ்லாவ் ஓர்ஷிச் அடித்தவை. அந்த ஆட்டத்தில் க்வார்டியோல் நின்றது இடது ஓரத்தில், லெஃப்ட் பேக்காக. அதாவது சிட்டிக்குப் போன பிறகுதான் இவரை ஓரத்துக்குத் தள்ளினார்கள் என்பது சரியில்லை. ஐரோப்பா இவரை முதலில் பார்த்ததே ஓரத்தில்தான்.

இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்

நால்வர் கொண்ட தடுப்பு வரிசையில் நடுவில் இரண்டு பேர் சென்டர் பேக், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொருவர் ஃபுல்பேக். இடது ஓரத்தில் இருப்பவர் லெஃப்ட் பேக். பார்வைக்கு பதினைந்து இருபது மீட்டர் தள்ளி நிற்பதுதான் வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனால் வேலை வேறு.

1. பார்வை. ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் பக்கக்கோடு இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது, கோடே ஒரு துணைத் தடுப்பாட்டக்காரர். நடுவில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. முதுகுக்குப் பின்னால், இடது, வலது என எங்கிருந்தும் ஆள் வரலாம், தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

2. ஓட்டம். சென்டர் பேக் ஓடுவது பெரும்பாலும் குட்டை ஓட்டங்கள், ஆனால் சரியான நொடியில். ஃபுல்பேக்குக்கு ஐம்பது அறுபது மீட்டர் மேலே போய், பந்து பறிபோனால் அதே தூரம் திரும்பி ஓடிவரும் வேலை.

3. எதிராளி. ஓரத்தில் எதிரே வருபவர் வேகமான விங்கர் (ஓரமாக ஏறித் தாக்குபவர்), ஒருவருக்கு ஒருவர் மோதல். நடுவில் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்க முன்னால் நிற்பவர்). உயரப் பந்து, தோள் மோதல், ஆஃப்சைடு கோட்டைப் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நகர்த்துவது எல்லாம் அங்கே வரும்.

4. தவறின் விலை. ஓரத்தில் ஒருவர் ஏமாந்தால் பந்து கிராஸாக, அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் பந்தாக, வரும், அதைத் தடுக்க இன்னும் மூன்று பேர் இருப்பார்கள். நடுவில் ஏமாந்தால் எதிரே கோல்கீப்பர் மட்டும்தான்.

ஓரத்துக்குக் கவனம் அவ்வளவாக வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 2020 யூரோ கோப்பை (ஆடியது 2021-இல்) முதல் ஆட்டத்தில் வெம்பிளியில் இங்கிலாந்துக்கு எதிராக 19 வயதில் லெஃப்ட் பேக்காக இறங்கினார் க்வார்டியோல். பெரிய தொடர் ஒன்றில் குரோஷியாவுக்காக ஆடிய மிக இளையவர் என்ற பெயரும் அன்று கிடைத்தது. அதே தொடரில் கோபன்ஹேகனில் ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் பக்கக்கோட்டருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் ஸ்பெயின் ஃப்ரீ கிக்கைச் சட்டென்று நீளமாக அடித்துவிட, ஃபெரான் டோரஸ் ஓடிப்போய் கோல் போட்டார். ஆட்டம் கூடுதல் நேரத்தில் 5-3 என ஸ்பெயினுக்குப் போனது. ஓரத்தில் தூங்கினாலும் தண்டனை உண்டு.

இடது காலுக்கு ஏன் இவ்வளவு மவுசு

இதைப் புரிந்துகொண்டால் 9 கோடி யூரோ பாதி புரிந்துவிடும்.

இன்றைய பெரிய அணிகள் ஆட்டத்தைப் பின்னாலிருந்து கட்டுகின்றன. கோல்கீப்பர் நீளமாக உதைப்பதில்லை, சென்டர் பேக்கிடம் கொடுக்கிறார், அங்கிருந்து ஒவ்வொரு பாஸாக மேலே போகிறார்கள். எதிரணி சும்மா இருக்காது, மேலே ஏறிவந்து நெருக்கும். இதைத்தான் பிரெஸ்ஸிங் என்கிறார்கள்.

இப்போது இடதுபக்க சென்டர் பேக் இடத்தில் வலது கால் ஆட்டக்காரர் நிற்கிறார் என்று வையுங்கள். பந்து வலதுபக்கத்திலிருந்து அவருக்கு வருகிறது. அதை வலது காலில் வாங்கினால் உடல் தானாகவே மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கித் திரும்பும். எதிரணி ஸ்ட்ரைக்கர் வருவதும் அதே நடுப்பக்கத்திலிருந்துதான். இடது ஓரத்தில் காலியாக நிற்கும் விங்கருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு தொடுதல் கூடுதலாகத் தேவைப்படும், அந்த ஒரு தொடுதலுக்குள் வழி அடைபட்டுவிடும்.

இடது கால் ஆள் என்றால் பந்தை எதிராளியிடமிருந்து தள்ளி, வெளிப்பக்கக் காலில் வாங்குவார். உடல் முழு மைதானத்தையும் பார்த்தபடி திறந்திருக்கும். கோட்டோரமாக நேரே மேலே தட்டலாம், உள்ளே மிட்ஃபீல்டருக்கும் கொடுக்கலாம். எதிரணிக்கு எதை அடைப்பது என்று தெரியாது.

இடது கால் ஆட்டக்காரர்களே எண்ணிக்கையில் குறைவு. அதிலும் பலர் சின்ன வயதிலேயே விங்கராகவோ ஃபுல்பேக்காகவோ ஆக்கப்பட்டுவிடுகிறார்கள். மிஞ்சுபவர்களில் உயரம், வேகம், தலையால் பந்தை முட்டும் திறன், பதற்றமில்லாமல் பாஸ் கொடுக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்தவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். க்வார்டியோலிடம் இன்னொன்றும் உண்டு, பந்தை எடுத்துக்கொண்டு தானே ஓடுவது. எதிரணியின் முதல் வரிசையைப் பாஸால் மட்டுமல்லாமல் ஓட்டத்தாலும் தாண்டுவார். அப்படித் தாண்டினால் எதிரணியில் யாராவது ஒருவர் தன் ஆளை விட்டுவிட்டு இவரிடம் வர வேண்டியிருக்கும், அங்கே ஒரு ஓட்டை விழும்.

லைப்சிக்: மூவர் வரிசை என்ற பள்ளிக்கூடம்

லைப்சிக்கில் இரண்டு சீசன், 2021 முதல் 2023 வரை. இந்தக் காலத்தில் மூன்று பயிற்சியாளர்கள் வந்து போனார்கள்: ஜெஸ்ஸி மார்ஷ், டொமெனிக்கோ டெடெஸ்கோ, மார்கோ ரோஸ். அணி இரண்டு சீசனிலும் ஜெர்மன் கோப்பையை வென்றது.

டெடெஸ்கோ காலத்தில் அணி பின்னால் மூன்று பேரை வைத்து ஆடியது. மூவர் வரிசையில் இடதுபக்கம் நிற்பவரின் வேலை சரியாக சென்டர் பேக்குக்கும் லெஃப்ட் பேக்குக்கும் நடுவில் இருக்கும். பந்து நடுவில் இருந்தால் அவர் சென்டர் பேக், ஸ்ட்ரைக்கரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து ஓரத்துக்குப் போனால் அவரே வெளியே ஓடிப்போய் விங்கரை எதிர்கொள்ள வேண்டும். தன் அணியிடம் பந்து இருந்தால் பின்னால் இன்னும் இருவர் இருப்பதால் துணிந்து மேலே ஏறலாம். க்வார்டியோலின் பிற்கால ஆட்டத்தில் நாம் பார்க்கும் எல்லாமே இங்கே சிறிய அளவில் இருந்தன. டினாமோவில் ஓரம், லைப்சிக்கில் ஓரமும் நடுவும் கலந்த இடம், பிறகு நடு. இந்த வரிசையில் கற்றுக்கொண்டது அவருடைய அதிர்ஷ்டம் என்பது என் கணிப்பு. நேரடியாக நடுவில் மட்டுமே வளர்ந்த சென்டர் பேக்கை ஓரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் திணறுவார்.

2023 பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக்கில் சிட்டி லைப்சிக்குக்கு வந்தது. 1-1. லைப்சிக்கின் கோலைத் தலையால் முட்டிப் போட்டது க்வார்டியோல். மூன்று வாரம் கழித்து மான்செஸ்டரில் சிட்டி 7-0 என்று அடித்து நொறுக்கியது, சிட்டி ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட் மட்டும் ஐந்து. அந்த ஏழு கோலைப் பார்த்த பிறகும் அதே தடுப்பு வரிசையிலிருந்து ஒருவருக்கு 9 கோடி கொடுக்க சிட்டி தயாராக இருந்தது என்பதைக் கவனியுங்கள். முடிவுப் பலகை ஒரு டிஃபென்டரைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு.

கத்தார் 2022: நடுவில் நின்ற முகமூடிக்காரர்

உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு ஃப்ரைபர்க் அணியுடனான ஆட்டத்தில் சொந்த அணிக்காரர் வில்லி ஆர்பானோடு மோதி மூக்கு உடைந்தது. அதனால் கத்தாரில் கறுப்பு முகமூடி போட்டுக்கொண்டு ஆடினார். டெயான் லோவ்ரெனோடு சேர்ந்து நடுவில் நின்றார், இடது ஓரத்தை போர்னா சோசா முதலானோர் பார்த்துக்கொண்டார்கள். இது முக்கியம். லெஃப்ட் பேக் வேறு ஆள் கிடைத்தபோது பயிற்சியாளர் ஸ்லாட்கோ டாலிச் தயங்காமல் இவரை நடுவில் வைத்தார்.

பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் லுகாகுவின் வாய்ப்பைத் தடுத்தது இன்றும் பேசப்படுகிறது. ஜப்பானையும் பிரேசிலையும் பெனால்டி ஷூட்அவுட்டில் தாண்டி அரையிறுதி வந்தது குரோஷியா.

அரையிறுதியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது மெஸ்ஸி வலது ஓரத்தில் பந்தை வாங்கி, க்வார்டியோலைத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டு கோல்கோடு வரை போய், அல்வாரெஸுக்குக் கொடுத்து மூன்றாவது கோல். 20 வயதுப் பையன் அவமானப்பட்டான் என்று அந்தத் துணுக்கு உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் அதை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கே க்வார்டியோல் செய்துகொண்டிருந்தது ஃபுல்பேக்கின் வேலை. சென்டர் பேக்காக இறங்கியவர் மெஸ்ஸியைத் தொடர்ந்து பக்கக்கோடு வரை வந்துவிட்டார், தோற்றுக்கொண்டிருந்த அணி மேலே ஏறியிருந்தது, பின்னால் துணைக்கு ஆளில்லை. வலதுபக்கமாக வரும் இடது கால் மெஸ்ஸியை உள்ளே விடாமல் வெளியே தள்ளத்தான் பார்த்தார், மெஸ்ஸி வெளியே போயும் ஜெயித்தார். இதற்கு விளக்கம் தேவையில்லை, அது மெஸ்ஸி.

நான்கு நாள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மொராக்கோவுக்கு எதிராக ஏழாவது நிமிடத்தில் பெரிஷிச் தலையால் தட்டிக் கொடுத்த பந்தை இவர் தலையால் பாய்ந்து முட்டிக் கோலாக்கினார். குரோஷியா 2-1, வெண்கலம்.

சிட்டி: லெஃப்ட் பேக் என்பது ஆட்டம் தொடங்கும் இடம் மட்டும்தான்

இங்கேதான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். டிவியில் காட்டும் அணிப் பட்டியல், பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஒருவர் எங்கே நிற்பார் என்பதைத்தான் ஏறத்தாழச் சொல்கிறது. சிட்டி மாதிரி ஆட்டத்தின் பெரும்பகுதி பந்தைத் தானே வைத்திருக்கும் அணிக்கு அது ஆட்டத்தின் சின்னப் பகுதி மட்டுமே.

பின்னணி இது. சிட்டியில் லெஃப்ட் பேக்காக ஆடிவந்த ஜின்செங்கோ 2022-இல் ஆர்சனலுக்குப் போனார். அதே இடத்தில் ஆடிய கான்செலோவும் 2023 ஜனவரியில் பயர்ன் மியூனிக்குக்குக் கடனில் போனார். சிட்டியிடம் முதல் பதினொருவரில் நிலையாக ஆடும் அசல் லெஃப்ட் பேக் இல்லை. பெப் சென்டர் பேக்குகளையே நான்கு இடத்திலும் நிறுத்தினார். டியாஸ், அகாஞ்சி, ஆக்கே, ஸ்டோன்ஸ். பந்து கிடைத்ததும் ஸ்டோன்ஸ் மிட்ஃபீல்டுக்கு ஏறிவிடுவார், மற்ற மூவரும் பின்னால் மூவர் வரிசையாக விரிவார்கள். அந்த வருடம் மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றார்கள். ஓரத்தில் அசல் சென்டர் பேக் நின்றால், எதிரணி திருப்பி அடிக்க வரும்போது ஒருவருக்கு ஒருவர் மோதலில் தோற்பது குறைவு என்பதுதான் பெப்பின் கணக்கு.

அந்த ஏற்பாட்டுக்குள்தான் 2023-இல் க்வார்டியோல் வருகிறார். தொடக்கத்தில் அவர் வேலை ஆக்கே செய்த அதே வேலை. பந்து இல்லாதபோது லெஃப்ட் பேக், பந்து இருக்கும்போது மூவர் வரிசையில் இடது ஆள். அதாவது லைப்சிக்கில் செய்ததேதான். பெயர் மாறியதே தவிர நிற்கும் புல் மாறவில்லை.

சில மாதம் போனதும் பெப் இன்னொரு படி போனார். இடதுபக்க விங்கர் கோட்டை ஒட்டி அகலமாக நின்றால் அவருக்கும் நடுவுக்கும் இடையில் ஒரு நீளமான பாதை காலியாகும். அந்த உள்பாதையில் க்வார்டியோலை ஏற்றிவிட்டார். விங்கர் உள்ளே வந்தால் இவர் வெளியே, விங்கர் வெளியே நின்றால் இவர் உள்ளே. வலதுபக்கம் ரிகோ லூயிஸ் மாதிரி ஒருவர் மிட்ஃபீல்டுக்குள் வந்து பாதுகாப்புக்கு நிற்கும் ஆட்டங்களில் இவருக்கு இன்னும் சுதந்திரம். சில ஆட்டங்களில் பத்து நிமிடம் கவனித்துப் பார்த்தால் இவரை ஐந்தாவது ஃபார்வர்ட் (முன்கள ஆட்டக்காரர்) என்று சொல்லலாம்.

கோல்கள் எங்கிருந்து வருகின்றன

மூன்று வழியாக.

1. பாக்ஸ் விளிம்பிலிருந்து. 2024 ஏப்ரல் 9, மாட்ரிட்டில் 3-3 என முடிந்த ஆட்டம். ரியல் மாட்ரிட் எல்லோரையும் பாக்ஸுக்குள் இறக்கியிருந்தது. ஹாலண்டுக்கும் ஃபோடனுக்கும் ஆள் போட்டார்கள், மேலே ஏறிவந்த லெஃப்ட் பேக்குக்கு ஆள் போடவில்லை. கிரீலிஷ் கொடுத்த பந்தை க்வார்டியோல் தூரத்திலிருந்து வலது காலால் அடித்தார், கோல். இடது கால் ஆள் வலது காலால் ஏன் அடிக்கிறார் என்றால், இடதுபக்கத்திலிருந்து உள்நோக்கி வரும்போது கோல் வலது காலுக்குத்தான் திறக்கும். 2024 அக்டோபரில் வுல்வ்ஸுக்கு எதிரான சமன் கோலும் இதே மாதிரி, வலது காலால் வளைத்து அடித்தது.

2. கடைசி நொடியில் பாக்ஸுக்குள் புகுந்து. ஃபுல்ஹாமுக்கு எதிராக 4-0 வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல். 2025 ஜனவரியில் செல்சிக்கு எதிராக, கோல்கீப்பர் தடுத்து உதிர்ந்த பந்தைத் தட்டிவிட்டது. எதிரணி விங்கர்தான் இவரைப் பின்தொடர வேண்டும், விங்கர்களுக்கோ அறுபது மீட்டர் பின்னால் ஓடிவருவதில் ஆர்வம் குறைவு.

3. கார்னரிலும் கிராஸிலும் தலையால். 2024 ஏப்ரலில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக லீகில், ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து அதே அணிக்கு எதிராக எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில். இது சென்டர் பேக் வேலை, எந்த இடத்தில் நிறுத்தினாலும் இது கூடவே வரும்.

முதலாவதும் இரண்டாவதும் ஓரத்தில் நின்றதால் கிடைத்தவை. நடுவில் வைத்திருந்தால் அந்தப் பந்துகள் இவர் காலுக்கு வந்தே இருக்காது.

குரோஷியாவிலிருந்து இப்படிப்பட்டவர்கள் ஏன் அடிக்கடி வருகிறார்கள்

மக்கள்தொகை நாற்பது லட்சத்துக்கும் குறைவு. ஆனால் உலகக் கோப்பையில் 1998-இல் மூன்றாம் இடம், 2018-இல் இறுதிப்போட்டி, 2022-இல் மறுபடி மூன்றாம் இடம். இவ்வளவு சின்ன நாட்டுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் உலகத்தரத்தில் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்கள். ஒருவர் இரண்டு இடம் பார்த்தால் அணிக்கு ஓர் ஆள் மிச்சம், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரே ஓப்பனிங் இறங்கினால் இன்னொரு பவுலருக்கு இடம் கிடைப்பது போல.

உதாரணம் தேட வேண்டியதே இல்லை. 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் ரஷ்யாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ரைட் பேக் வ்ர்சால்கோ காயத்தோடு வெளியேற, சென்டர் பேக் டோமகோய் விடா வலது ஓரத்துக்கு நகர்ந்தார், உள்ளே வந்த சோர்லுகா நடுவில் நின்றார். சில நிமிடத்தில் கார்னரிலிருந்து விடாவே தலையால் கோல் போட்டார். சோர்லுகாவும் இங்கிலாந்தில் ரைட் பேக்காகவும் ஆடியவர்தான். யுவென்டஸில் இகோர் டூடோர் தடுப்பு வரிசையிலும் மிட்ஃபீல்டிலும் ஆடினார். இன்றைய அணியில் யோசிப் ஸ்டானிஷிச், ரைட் பேக்கும் அவரே, சென்டர் பேக்கும் அவரே. லெவர்குசன் தோல்வியே காணாமல் ஜெர்மன் லீகை வென்ற 2023-24 சீசனில் அங்கே கடனில் இருந்தவர்.

இந்திய ரசிகர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரும் இந்தக் கதையில் உண்டு. 1998 குரோஷிய அணியின் சென்டர் பேக் இகோர் ஷ்டிமாச், 2019 முதல் 2024 வரை இந்திய அணியின் பயிற்சியாளர்.

இன்னொரு காரணம் பணம். குரோஷிய கிளப்புகள் ஆட்டக்காரர்களை வளர்த்து விற்றுப் பிழைப்பவை. இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்த பையனை வாங்க அதிக கிளப்புகள் வரும். விற்ற பிறகும் வருமானம் நிற்காது. ஃபிஃபாவின் ஒருமைப்பாட்டுப் பங்கு விதிப்படி நாடு விட்டு நாடு விற்கப்படும் ஒவ்வொரு முறையும், விலையில் 5 சதவீதம் அந்த ஆட்டக்காரரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். லைப்சிக் சிட்டிக்கு விற்றபோது டினாமோவுக்கும் அதில் பங்கு உண்டு. 12 வயதுக்கு முன்பே கைமாறிவிட்டதால் முதன்முதலில் பந்து கொடுத்த ட்ரெஷ்னியேவ்காவுக்கு இந்த விதியில் ஒன்றும் வராது. எனக்கு இந்த 12 வயது வரம்பு நியாயமாகப் படவில்லை.

இதில் நஷ்டம் யாருக்கு

பல இடத்தில் ஆடத் தெரிவது எப்போதும் பாராட்டாகத்தான் சொல்லப்படுகிறது. அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை ஆட்டக்காரர்தான் கொடுக்கிறார்.

2024 யூரோ கோப்பையைப் பாருங்கள். ஜூன் 15 ஸ்பெயினுக்கு எதிராக லெஃப்ட் பேக். நான்கு நாள் கழித்து அல்பேனியாவுக்கு எதிராக பெரிஷிச் இடது ஓரத்தில் நிற்க, இவர் நடுவில். மறுபடி ஐந்து நாள் கழித்து இத்தாலிக்கு எதிராக ஓரத்தில். முடிவுகள் 0-3, 2-2, 1-1. கடைசி இரண்டிலும் முழு நேரம் தாண்டிய பிறகு கோல் வாங்கி, குழுச் சுற்றோடு வெளியேறினார்கள். தோல்விக்கு இந்த இடமாற்றம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை, நடுக்களத்துக்கு வயதாகியிருந்தது. ஆனால் சென்டர் பேக் ஜோடி என்பது பழகப் பழகத்தான் சேரும். யார் ஏறுவது, யார் பின்னால் நிற்பது, கோட்டை எப்போது உயர்த்துவது என்பதெல்லாம் சேர்ந்து ஆடினால் மட்டுமே வரும். பத்து நாளுக்குள் இரண்டு முறை வரிசை மாறினால் அது வராது.

கிளப்பிலும் இதே சிக்கல். ஒருவரை ஓட்டை அடைக்கப் பயன்படுத்தப் பயன்படுத்த, அவருக்கென்று ஓர் இடம் கெட்டிப்படுவது தள்ளிப்போகிறது. 21 வயதிலிருந்து 23 வயது வரை ஒரு சென்டர் பேக் நடுவில் நின்று தப்பு செய்து கற்றுக்கொள்ள வேண்டிய காலம், க்வார்டியோல் அதில் பெரும்பகுதியை ஓரத்தில் கழித்தார். பதிலுக்கு லீக் பட்டமும் பத்துக்கு மேல் கோலும் கிடைத்தன, சரி. ஆனால் உலகின் மிகச் சிறந்த சென்டர் பேக்குகள் யார் என்ற பேச்சில் அவர் பெயர் வரும்போதெல்லாம் 'ஆனால் அவர் லெஃப்ட் பேக்தானே' என்று ஒரு குரல் எழுவதும் இதனால்தான். சிட்டி கொடுத்த விலை வீண் இல்லை, ஆட்டக்காரர் கொடுத்த விலைதான் கணக்கில் வராமல் போகிறது.

2025-26: நடுவுக்குத் திரும்பியதும் காயமும்

2025 கோடையில் சிட்டி வுல்வ்ஸிலிருந்து அசல் லெஃப்ட் பேக்கான ரயான் ஐத் நூரியை வாங்கியது. அகாடமியிலிருந்து வந்த நிக்கோ ஓ'ரைலியும் அந்த இடத்தில் நன்றாக ஆடத் தொடங்கினார். ஓரத்துக்கு ஆள் கிடைத்ததும் க்வார்டியோல் டியாஸோடு நடுவில் நின்றார். கத்தாரில் டாலிச் செய்த அதே கணக்கு. நவம்பரில் ஃபாரோ தீவுகளுக்கு எதிரான ஆட்டத்தில் குரோஷியா பின்தங்கியிருந்தபோது சமன் கோல் அடித்ததும் இவர். 3-1 என்று வென்று 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

2026 ஜனவரி 4, செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் கீழ்க்கால் எலும்பு முறிந்தது. அதே ஆட்டத்தில் டியாஸும் காயப்பட்டார்.

அதன் பிறகு சிட்டி செய்ததைப் பார்த்தால் இவருடைய வேலை எவ்வளவு பிரிந்து கிடக்கிறது என்பது தெரியும். அந்த மாதமே கிரிஸ்டல் பேலஸிலிருந்து மார்க் கெஹியை வாங்கினார்கள். கெஹி இடதுபக்க சென்டர் பேக்காகப் பழகியவர், நல்ல தடுப்பாட்டக்காரர், ஆனால் வலது கால். நடுவில் காவலுக்கு அவர் போதும். இடதுபக்கம் பாக்ஸ் வரை ஏறிப்போகும் வேலை ஓ'ரைலியின் கணக்கில் சேர்ந்தது. இடது காலால் பின்னாலிருந்து கோட்டோரமாகத் திறந்துவிடும் அந்தப் பாஸை எடுத்துக்கொள்ளத்தான் அப்போது அணியில் ஆள் குறைவாக இருந்தது.